வேலை செய்யும் உடம்புக்கு எதற்கு பிசியோதெரபி?

“நீங்கதான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யுறீங்களேம்மா, உங்களுக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்?”

விரல் மூட்டுகள் வீங்கி மருத்துவமனைக்குப் போகும் நம் பெண்கள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். களையெடுக்கும் கூலிப்பெண்கள் கேட்டிருக்கிறார்கள், தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான அறிவுரையும் அதே மேசையிலிருந்து வரும்: “மூணு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்க.” முதல் அறிவுரை அறிவியலுக்கு ஒவ்வாதது. இரண்டாவது, கூலி வாழ்க்கைக்கு ஒவ்வாதது. மருத்துவமே அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு அறிவுரைகளுக்கும் பின்னால் ஒரே பார்வைதான் இருக்கிறது. ஓடும்வரை ஓடட்டும், பழுதானால் மூலையில் கிடக்கட்டும் என்று நம் உடம்பை ஒரு கருவியாகப் பார்க்கும் பார்வை அது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். அழற்சி நோய்களுக்கான இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, மூன்று பொருட்களால் ஆனது: தொடுதல், நேரம், கற்றுக்கொடுத்தல். சாதிச் சமூகம் நமக்குக் காலங்காலமாக மறுத்துவந்ததும் இதே மூன்றைத்தான். ஆகவே நம் சேரிகளுக்கும் காலனிகளுக்கும் இந்தச் சிகிச்சை வந்து சேராததை ‘ஆள் பற்றாக்குறை’ என்று கணக்கெழுதி மூடிவிட முடியாது.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் ஊர்களில் மூட்டில் வலி என்றாலே ‘வாயு’ அல்லது ‘தேய்மானம்’. இந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு பெரிய நோய்க் கூட்டமே ஒளிந்துகொள்கிறது. வயதாலும் சுமையாலும் மூட்டு தேய்வது ஒரு வகை. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே தன் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கி, வீக்கத்தையும் சூட்டையும் உண்டாக்கி, கடைசியில் எலும்பையே அரிப்பது முற்றிலும் வேறு வகை. இரண்டாவதைத்தான் அழற்சி மூட்டு நோய் என்கிறோம். இதில் முதன்மையானது முடக்குவாதம்; நம் கிழவிகள் சரவாங்கி என்பார்கள். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரக்கூடியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அடையாளம் எளிது. இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. அந்த இறுக்கம் அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். நடமாட நடமாடக் கொஞ்சம் இளகும். தேய்மான வலி இதற்கு மாறானது: வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும்.

இதைப் படிக்கும் மாணவர்கள் இன்னொரு நோயையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது முதுகெலும்பில் வரும் அழற்சி. பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும். இளைஞர்களிடம் கூடுதலாகத் தெரியவரும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, படுத்திருந்தால் கூடி நடந்தால் குறையும் வலி என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழியைப் போல் விறைத்துவிடும். ஆதிதிராவிடர் நல விடுதியில் தரையில் படுத்து, விடியற்காலையில் எழ முடியாமல் தவிக்கும் ஒரு மாணவனுக்குக் கிடைக்கும் முதல் நோய்க்கணிப்பு என்ன தெரியுமா? ‘சோம்பேறி.’ இடஒதுக்கீட்டில் வந்தவன் என்ற ஏளனம் ஏற்கனவே வகுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அவன் முதுகை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

வேலைக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலிக்கா தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு முடக்குவாத அபாயம் கூடுகிறது என்பதை சுவீடன் உட்படப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் கல்குவாரியில் பாறை உடைப்பவர்கள் யார், கிரஷர் தூசியில் நிற்பவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006-ல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூட்டு வீக்கம் நீடித்தது. கொசு எல்லா வீட்டுக்கும் வரும்தான். ஆனால் வடிகால் இல்லாத தெருவும் குடத்தில் தண்ணீர் சேமித்தாக வேண்டிய கட்டாயமும் எல்லா வீட்டுக்கும் இல்லை.

மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிசியோதெரபி மட்டும் முடக்குவாதத்தை நிறுத்தாது. நோயின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் போன்ற மருந்துகள். அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் இவற்றை ஆரம்பித்தால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். இவை பழைய, விலை குறைந்த மருந்துகள். மெத்தோட்ரெக்சேட் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். தவறாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

நம் மக்களுக்கு நடைமுறையில் கிடைப்பது வேறு. மெடிக்கல் கடையில் பொட்டலமாகக் கட்டித்தரும் கலர் மாத்திரைகள், அல்லது சந்தை நாளில் போடும் ‘வலி ஊசி’. அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அன்றே வலி போகும், மறுநாள் வேலைக்குப் போகலாம், கூலி வரும். சில ஆண்டுகளில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மூட்டோ உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

மருந்து நெருப்பை அணைக்கிறது. நெருப்பில் சிக்கிய வீட்டை மீண்டும் குடியிருக்கத் தக்கதாக்குவது பிசியோதெரபி. வீங்கிய மூட்டை அசைக்காமல் வைத்தால் தசை சுருங்கும், மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். முன்பெல்லாம் மருத்துவர்கள் முடக்குவாதக்காரர்களைப் படுக்கையில் கிடத்தினார்கள். பிறகு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. நெதர்லாந்தில் சுமார் 300 பேரிடம் இரண்டு ஆண்டுகள் தீவிரமான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அதன் முடிவு, அவர்களின் இயங்கும் திறன் கூடியதைக் காட்டியது. ஏற்கனவே பெரிய மூட்டுகள் மோசமாகச் சிதைந்தவர்களுக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை என்றார்கள்.

2015-ல் லான்செட் இதழில் வெளிவந்த ‘சாரா’ ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், முடக்குவாதத்தால் கை பாதிக்கப்பட்ட 490 பேரிடம் நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிப் பேருக்கு அதோடு கைக்கான நீட்டல் பயிற்சிகளும் வலுவூட்டும் பயிற்சிகளும். கற்றுக்கொடுக்க ஆறு சந்திப்புகள். மற்றதெல்லாம் வீட்டில் தினமும் அவர்களே செய்தது. ஓராண்டுக்குப் பிறகு பயிற்சி செய்தவர்களின் கைகள் கூடுதலாக வேலை செய்தன. விலையுயர்ந்த எந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பிசைவதற்கு ஒரு மாவு உருண்டை, இழுப்பதற்கு ஒரு ரப்பர் பட்டை, கற்றுத்தர ஓர் ஆள்.

ஆறு சந்திப்புகள்! நம் அரசால் இதைக் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப முடிகிறதா?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருவோம். வேலை செய்யும் உடம்புக்கு எதற்குப் பயிற்சி?

களையெடுக்கும் பெண்ணின் விரல்கள் ஒரு நாளில் பல ஆயிரம் முறை ஒரே திசையில், ஒரே பிடியில் மடங்குகின்றன. நீட்டும் தசைக்கு வேலையே இல்லை. சேற்றில் குனிந்த முதுகு நிமிர்வதற்கு மேஸ்திரியின் அனுமதி வேண்டும். வீக்கம் கூடிய நாளில் வேகத்தைக் குறைத்தால் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். உழைப்பில் சுமையையும் வேகத்தையும் முடிவுசெய்வது முதலாளி. பயிற்சியில் அவற்றை முடிவுசெய்வது நோயாளியின் உடம்பு. மூட்டை அதன் முழு வீச்சுக்கும் எல்லாத் திசைகளிலும் கொண்டுபோவது, சுமையைப் படிப்படியாக ஏற்றுவது, வீக்கம் கூடும் நாளில் குறைத்து அதை ஒரு சிறு அட்டையால் தாங்கிக் கட்டுவது, இறங்கியதும் மீண்டும் ஏற்றுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். முதுகெலும்பு அழற்சி உள்ளவருக்கு நிமிரும் பயிற்சி, குப்புறப் படுத்தல், நெஞ்சுக்கூடு விரிய மூச்சிழுத்தல். இவை எதுவும் மூட்டை தூக்குவதில் இல்லை, சாக்கடை அள்ளுவதில் இல்லை.

கூலி உழைப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றென்று சொல்பவர், வேகாத வெயிலில் நடந்து தண்ணீர் சுமப்பவளிடம் ‘நல்ல வாக்கிங்’ என்று சொல்பவர். அவருக்கு உழைப்பவரின் உடம்பு தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் அவருக்கு இருந்ததில்லை.

தொடுதல்

மருந்தைச் சன்னல் வழியே நீட்டிவிடலாம். பிசியோதெரபியைத் தொடாமல் செய்ய முடியாது. எந்த மூட்டில் சூடு இருக்கிறது, எந்தத் தசை சுருங்கியிருக்கிறது, எந்த அளவுக்கு மடக்கினால் முகம் சுளிக்கிறது என்பதையெல்லாம் கைதான் கண்டுபிடிக்கும். சாதி இங்கேதான் சிகிச்சை அறைக்குள் நுழைகிறது.

11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-ல் நூலாக வந்த ஆய்வு, சுமார் 33 விழுக்காடு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுப்பதைப் பதிவு செய்தது. அந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சாரியா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, மருந்து கொடுக்கும்போதும் பரிசோதிக்கும்போதும் அவர்களைத் தொடுவதில் காட்டப்படும் பாகுபாட்டைப் பேசியது. ஊசியும் மாத்திரையும் கொடுப்பதற்கே இந்த நிலை என்றால், ஒரு தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையை இருபது நிமிடம் தன் கையில் ஏந்திப் பயிற்சி கொடுக்க வேண்டிய சிகிச்சையின் நிலை என்ன?

நேரடியாக யாரும் ‘தொடமாட்டேன்’ என்று இன்று சொல்வதில்லை. எந்திரம் வந்துவிட்டது. ஓர் அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்குத் தூய்மைப் பணியாளர் ஒருவரோடு நாங்கள் போயிருந்தோம். “என்ன வேலை?” என்ற கேள்விக்கு அவர் பதில் சொன்னதும், “அந்த பேடை நீங்களே ஒட்டிக்கோங்க” என்று பதில் வந்தது. பத்து நிமிடம் ‘கரண்ட்’ வைத்தார்கள். விரல்களை ஒருவரும் மடக்கிப் பார்க்கவில்லை. பத்து நாள் இப்படிப் போய்வந்தார். வேறோர் இடத்தில், அண்மையில் படிப்பை முடித்த ஒரு பெண் பிசியோ அவரை “அக்கா, கையைக் கொடுங்க” என்று அழைத்து, விரல் விரலாகப் பிடித்துப் பார்த்து, நான்கு பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். துடைப்பக் கட்டையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்கச் சொன்னதும் அவர்தான். சிகிச்சை என்பது இதுதான். மின் அதிர்வு சற்று நேரம் வலியைக் குறைக்கலாம். மடங்காத விரலை மடக்கக் கற்றுத்தராது.

ஒரு வரலாற்றையும் மறக்க வேண்டாம். உடம்பைத் தொட்டுச் செய்யும் வைத்தியத்தைச் சாதிச் சமூகம் ஒருகாலத்தில் இழிதொழிலாக்கி ஒதுக்கிவைத்தது. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியைத் தீட்டு என்றது. நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அந்தச் சித்த மரபில் ‘தொக்கணம்’ என்று உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை தனிப் பிரிவாகவே உண்டு. தொடுதல் இழிவாக இருந்தவரை அது நம் தலையில் இருந்தது. பட்டமும் வருமானமும் வந்த பிறகு தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிப் படித்துவரும் நம் பிள்ளைகள் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கிளினிக்குகளில் நிற்கிறார்கள். நம் காலனியிலோ பிசியோ இல்லை.

நேரம்

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு இயங்குவது முக்கியமாகக் காலை நேரத்தில். அழற்சி மூட்டு நோயாளிகளின் உடம்பு மிக மோசமாக இறுகியிருப்பதும் காலை நேரத்தில். சட்டைப் பொத்தானைப் போட முடியாத நேரத்தில் அவர் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வர வேண்டும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அன்றைய கூலியை யார் தருவது? வாரம் இரண்டு நாள் பிசியோவுக்கு வா என்றால் வாரம் இரண்டு நாள் அடுப்பெரியாது என்று பொருள். பிறகு ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று சீட்டில் எழுதுவார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீடு பற்றிய அடார்க்கர் அறிக்கை அந்தக் காலத்தில்தான், 1944-ல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1948-ல் இஎஸ்ஐ சட்டம் வந்தது. நோயுற்ற நாளுக்குப் பணம் உண்டு என்ற உரிமை அதில் இருந்தது. ஆனால் வயலில் நிற்கும் விவசாயக் கூலிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. நம் மக்களில் பெரும்பகுதியினர் அங்கேதான் நிற்கிறார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடமோ, பிடித்தம் நடக்கிறது, அட்டை கைக்கு வரவில்லை என்ற புகார் தொடர்ந்து கேட்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தச் சிக்கலின் ஒரு முனையைச் சரியாகவே பிடித்தது. வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையை அது தன் பணிகளில் சேர்த்தது. அதை நாங்கள் ஆதரிக்கிறோம், ஆதரிப்பதால்தான் கேட்கிறோம். ஓர் ஒன்றியத்துக்கு ஒரு பிசியோ என்றால் எத்தனை ஊர், எத்தனை காலனி? அந்த வண்டி ஊர்த்தெருவில் எத்தனை நாள் நின்றது, சேரித்தெருவில் எத்தனை நாள் நின்றது என்ற கணக்கு எங்கே? பக்கவாதம் வந்து படுத்தவர்களைத் தேடிப் போகும் திட்டம், இன்னும் படுக்காத, ஆனால் விரல் கோணத் தொடங்கிவிட்ட முப்பது வயதுப் பெண்ணைத் தேடிப் போகிறதா?

முடமான பிறகு வரும் சான்றிதழ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதமோ முதுகெலும்பு அழற்சியோ பெயர் சொல்லி அதில் இல்லை. மூட்டு நிரந்தரமாக விறைத்த பிறகு, கை கால் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் அளந்து விழுக்காடு போடுவார்கள். 40 விழுக்காட்டைத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள். அதாவது, காப்பாற்றக்கூடிய கட்டத்தில் நீ யாருமில்லை. காப்பாற்ற முடியாத கட்டத்தில் நீ பயனாளி. அளவெடுப்பதும் ஒரே ஒரு நாளில். காலையில் குவளையைப் பிடிக்க முடியாதவர் பிற்பகல் மூன்று மணிக்கு முகாமில் கையை நீட்டினால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள்.

காப்பீட்டிலும் இதே தலைகீழ்க் கணக்குதான். மூட்டு சிதைந்த பின் மாற்று மூட்டு பொருத்தும் அறுவைக்கு அரசுக் காப்பீட்டில் இடமுண்டு. சிதையாமல் காக்கும் வெளிநோயாளிப் பயிற்சிக்கு இடமில்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு பேசும்.

மாணவர்கள் ஒரு தீர்ப்பை நினைவில் வையுங்கள். விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுத்தர் உதவி போன்ற நியாயமான ஏற்பாடுகளை 40 விழுக்காட்டு வரம்புக்குள் மட்டும் அடைக்க முடியாது என்றது. அது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவரின் வழக்கு. விரல் மடங்காமல் மூன்று மணி நேரத் தேர்வு எழுதும் நம் மாணவிக்கும் அந்த வாதம் பொருந்தும். கேட்டுப் பாருங்கள், மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

‘நோயில் எதற்குச் சாதி?’

இதைப் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள் என்று தெரியும். கிருமிக்குச் சாதி உண்டா, நோய் எதிர்ப்பு அணுவுக்குச் சாதி உண்டா என்பார்கள். இல்லை. முடக்குவாதம் அக்ரகாரத்திலும் வரும், ஊர்த்தெருவிலும் வரும். அது வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. ஒருவருக்குப் பேனா பிடிக்கும் வேலை, மாதச் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டுக்கு வரும் பிசியோ. இன்னொருவருக்கு ஈரத் துடைப்பம், விடியற்காலை வேலை, வலி ஊசி. நோய் ஒன்றே, கோணும் விரல்கள் வேறு வேறு.

நிதி இல்லை என்பது இரண்டாவது வாதம். அழற்சியைக் கட்டுப்படுத்தும் புதிய உயிரியல் ஊசிகள் விலையுயர்ந்தவை, அறுவைகளும் அப்படியே. மருத்துவத்தில் மிக மலிவான ஒன்றைத்தான் நாங்கள் கேட்கிறோம்: பயிற்சி பெற்ற ஒரு மனிதர், ஒரு பாய், இருபது நிமிடம். மலிவான ஒன்று கிடைக்கவில்லை என்றால் பற்றாக்குறை பணத்தில் இல்லை.

நாங்கள் கேட்பது

ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், பிற்பகலிலும், நிரந்தரப் பணியிடத்தில் ஒரு பிசியோ இருக்க வேண்டும்.

இரண்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் அழற்சி மூட்டு நோயாளிகளைத் தனியாகப் பட்டியலிட வேண்டும். காலனிகளுக்குப் போன நாட்களின் கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

மூன்று, மத்திய அரசு புதிய வகைகளை அறிவிக்க 2016 சட்டத்தின் அட்டவணையே இடம் தருகிறது. அழற்சி மூட்டு நோய்களை அதில் சேர்க்க வேண்டும்.

நான்கு, நூறு நாள் வேலை என்று நம் மக்கள் அழைக்கும் ஊரக வேலையில் இவர்களுக்கு இலகுவான பணி வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு நீளமான, பருமனான பிடியுள்ள கருவிகளும், சிகிச்சை நாளுக்குக் கூலியும் வேண்டும்.

ஐந்து, வெளிநோயாளி பிசியோதெரபியைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

ஆறு, பிசியோதெரபி படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு முழுக் கட்டண உதவியும் அரசு வேலைவாய்ப்பும் வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. உங்கள் தெருவில் காலையில் விரல் மடங்காதவர்கள் யார் யார் என்று கேளுங்கள். வாத நோய்ப் பிரிவு உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அவர்களைச் சீக்கிரம் அழைத்துப் போங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறை நீண்டகாலமாக இருக்கிறது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பிசியோவிடம் “கரண்ட் மட்டும் போதாது, வீட்டில் செய்யும் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள்” என்று கேளுங்கள். அனுமதி பெற்றுச் செல்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். முடக்குவாதமோ முதுகெலும்பு அழற்சியோ இருப்பவரின் கழுத்தையோ முதுகையோ சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். கழுத்தெலும்பு தளர்ந்தோ விறைத்தோ இருக்கும், ஒரு திருகலில் தண்டுவடம் போய்விடும். நம் படிப்பு வட்டங்களில் பிசியோ படிக்கும் பிள்ளைகளை அழைத்து மாதம் ஒரு நாள் கைப்பயிற்சி வகுப்பு வையுங்கள். அம்பேத்கர் படிப்பகத்தின் பாய் அதற்குப் போதும்.

இந்த நாட்டின் வயலும் தெருவும் நம் தாய்மார்களின் விரல்களால் நடக்கின்றன. அந்த விரல்களைத் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதில்லை. கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.

ஜெய்பீம்!